லேசரைக் கடைசியில் வாங்குங்கள்

பே டு ஜாக்கோட்டேயில் 2002-இல் கரையேறிய சேஃப் கடலடிக் கேபிள் முதல் 2021-இல் வந்த மெட்டிஸ் வரை, மொரீஷியஸ் வெளியுலகோடு பேசுவது கண்ணாடி இழை வழியாகத்தான். அந்த இழையை ஒட்டவைக்கும் கருவியை நம் மாணவர்களே கட்டிப் பார்க்கவேண்டும் என்பது எனக்கு மனதார உள்ள விருப்பம். பல்கலைக்கழகம் உள்ள ரெடுயியிலோ வேறு எங்கோ நாலைந்து பேர் சேர்ந்து, லேசரால் ஃபைபர் ஸ்ப்ளைஸ் செய்யும், அதாவது இரண்டு இழை நுனிகளை உருக்கி ஒட்டும் கருவியை இறுதியாண்டுத் திட்டமாக எடுப்பதாக இருந்தால், அவர்களுக்காகவே இந்தப் பதிவு.

முதலில் ஒரு தெளிவு. கம்பத்தின் மேல் ஏறி வேலை செய்பவர்களுக்கு லேசர் கருவி தேவையில்லை. அவர்கள் கையில் இருக்கும், மின்பொறியால் இழையை உருக்கும் ஆர்க் மெஷின் அந்த வேலைக்குப் போதும். ஆனால் ஆர்க்குக்குச் சில குறைகள் உண்டு. டங்ஸ்டன் எலக்ட்ரோடு தேயும், அதன் துகள் கண்ணாடியில் படியும். காற்றழுத்தமும் ஈரமும் மாறினால் பொறியின் சூடும் மாறும். போர்ட் லூயியில் சரிசெய்த மெஷினை மேட்டுநிலத்திலுள்ள குரேப்பிப்புக்குக் கொண்டுபோனதும் மறுபடி ஆர்க் கேலிப்ரேஷன் போடுவது நல்ல பழக்கம் என்பது இதனால்தான். கார்பன் டை ஆக்சைடு லேசரில் எலக்ட்ரோடு இழைக்குப் பக்கத்தில் இல்லை, படிவும் இல்லை. சூடாகும் இடத்தின் அகலத்தை லென்ஸால் தீர்மானிக்கலாம். பருமனான இழை, ஓட்டை வைத்த ஃபோட்டானிக் கிரிஸ்டல் இழை, நுனியில் கண்ணாடித் தொப்பி ஒட்டுவது, டேப்பர் இழுப்பது (இழையைச் சூடாக்கி மெலிய இழுப்பது) ஆகியவற்றுக்கு லேசர் நல்லது. ஃபுஜிகுரா எல்.இசட்.எம். 100 இந்த வகையில் விற்பனைக்கு வந்த ஆய்வகக் கருவி.

குமார் பட்டேல் 1964-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய இந்த லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். 1.55 மைக்ரான் ஒளிக்குப் பல கிலோமீட்டர் வழிவிடும் அதே சிலிக்கா, 10.6 மைக்ரானுக்குச் சுவர்போல நிற்கும். சில பத்து மைக்ரான் ஆழத்துக்குள் ஒளி முழுவதும் சூடாகிவிடும். இயற்பியல் நம் பக்கம் இருப்பதால், உருக்குவது இந்தத் திட்டத்தின் எளிய பகுதி. கடினமெல்லாம் உருக்குவதற்கு முன்னால் இருக்கிறது. அதனால்தான் லேசரைக் கடைசியில் வாங்குங்கள் என்கிறேன். கிளீவர் (இழையை நேராக வெட்டும் கருவி), இழை உட்காரும் வி-பள்ளம், நகர்த்தும் மேடை, கேமரா நான்கும் வேலை செய்து, இரண்டு இழை நுனிகளை அரை மைக்ரானுக்குள் எதிரெதிரே நிறுத்த முடிகிறது என்று நிரூபித்த பிறகு லேசருக்குப் பணம் கட்டுங்கள்.

ஏன் அரை மைக்ரான்? தொலைத்தொடர்பில் சாதாரணமாக ஓடும் ஜி.652.டி தர இழையின் கண்ணாடி விட்டம் 125 மைக்ரான், மேல்பூச்சோடு சுமார் 250. ஆனால் ஒளி ஓடுவது நடுவில், 1550 நானோமீட்டரில் சுமார் 10.4 மைக்ரான் அகலமுள்ள வட்டத்தில். அதன் ஆரம் 5.2 என்று வைத்தால், பக்கவாட்டு விலகலால் வரும் ஒளி இழப்பு, டெசிபலில், 4.34-ஐ விலகலுக்கும் ஆரத்துக்குமான விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. 1 மைக்ரான் விலகினால் 0.16 டெசிபல். அரை மைக்ரான் என்றால் 0.04. கோணம் இன்னும் கொடியது: இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று 1 டிகிரி சாய்ந்து ஒட்டினால் 0.3 டெசிபல் போய்விடும். நல்ல ஸ்ப்ளைஸ் 0.05-க்குக் கீழே இருக்கவேண்டும் என்று குறி வைத்தால், லேசர் வருவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது.

கிளீவில் கஞ்சத்தனம் வேண்டாம். கையால் கீறி ஒடிக்கும் பேனா வகைக் கிளீவர் இந்த வேலைக்கு ஆகாது. வட்டக் கத்தியுள்ள நல்ல கிளீவர் ஒன்றைக் கடனாகவாவது பெறுங்கள். நுனி 1 டிகிரி சாய்வாக வெட்டுப்பட்டால், 125 மைக்ரான் அகலத்தில் ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட 2.2 மைக்ரான் பின்னால் இருக்கும். இரண்டு நுனியும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால் 4.4 மைக்ரான் இடைவெளி. உருகும்போது ஒரு பக்கம் முதலில் தொட்டு இழுக்கும், மையம் நகரும், சில நேரம் குமிழி அடைபடும். 0.5 டிகிரிக்கு மேல் காட்டும் நுனியை இரக்கப்படாமல் வெட்டி எறியுங்கள். எறிவது என்றால் மூடியுள்ள டப்பாவில். தோலுக்குள் போன கண்ணாடித் துண்டு கண்ணுக்கே தெரியாது.

வெட்டுவதற்கு முன் துடைப்பதையும் சொல்லவேண்டும். ஸ்ட்ரிப்பரால் பூச்சை உரித்தபின், 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு உதிராத துணியால் 2 முறை இழுத்துத் துடைக்கவேண்டும். சுத்தமான கண்ணாடி 'கிரீச்' என்று சத்தம் போடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் மீதி தண்ணீர். அது கண்ணாடியில் படலம் விடும். 99 சதவீதப் பாட்டிலும் மூடி திறந்தே இருந்தால் நம் ஊர்க் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சின்னப் பாட்டிலாக வாங்கி, மூடி வையுங்கள். துடைத்து, வெட்டி, பள்ளத்தில் வைக்கும் வரை எந்த விரலும் படக்கூடாது. வரிசை முக்கியம்: துடைத்துவிட்டு வெட்டவேண்டும். வெட்டியபின் துடைத்தால் அழுக்கு நுனிக்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

இழையை உட்காரவைக்க வி-பள்ளம். சிலிக்கானிலோ செராமிக்கிலோ செய்த ஆயத்தப் பள்ளம் வாங்கிவிடுவது நல்லது. பட்டறையில் கடைந்தெடுத்த அலுமினியப் பள்ளத்தின் சொரசொரப்பே சில மைக்ரான் இருக்கும். பள்ளத்தில் 1 மைக்ரான் தூசி இருந்தால் இழை 1 மைக்ரானளவுக்கு விலகும். ஜி.652.டி-யில், ஒளி ஓடும் மையக்கரு இழையின் நடுவிலிருந்து விலகுவது 0.6 மைக்ரான் வரை அனுமதிக்கப்பட்டது. இரண்டு இழையும் மோசமான பக்கம் திரும்பி நின்றால் 1.2 மைக்ரான், அதாவது 0.23 டெசிபல். இது அரிதாகத்தான் நடக்கும், ஆனால் வெறும் பள்ளத்தை நம்பும் கருவியின் எல்லை இதுதான். இதைத் தாண்டவேண்டுமானால் ஒரு பக்கத்தை நகர்த்திக் கருவையே நேர்ப்படுத்தவேண்டும்.

நகர்த்தும் மேடைக்கு இரண்டு தரம் போதும். இழையின் நீளவாக்கில் தள்ள ஸ்டெப்பர் மோட்டாரும் 1 மில்லிமீட்டர் புரியுள்ள திருகும் போதுமானவை. 200 படி மோட்டாரை 16-ஆகப் பிரித்தால் படிக்கு 0.31 மைக்ரான் என்று காகிதத்தில் வரும். உண்மையில் நுண்படிகள் சமமாக இருக்காது, திருகில் தளர்வும் இருக்கும். எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகினால் தளர்வின் பெரும்பகுதி ஒழியும். மேல்-கீழ், முன்-பின் நகர்த்தலுக்கு நெகிழும் மேடை வேண்டும். ஓப்பன்ஃப்ளெக்ஷர் பிளாக் ஸ்டேஜ் என்ற திறந்த வடிவமைப்பு இழை நேர்ப்படுத்தலுக்காகவே உருவானது, சாதாரண 3டி பிரிண்டரில் அச்சிடலாம். ஒரு எச்சரிக்கை: பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும், இறுக்கிவைத்த பளுவின் கீழ் மெல்ல வழுகும். மேடையை லேசர் பாதையிலிருந்து தள்ளி, நடுவில் உலோகத் தடுப்பு வைத்துப் பொருத்துங்கள். தவறி விழும் கதிர் அதைக் கொளுத்திவிடும்.

பார்ப்பதற்கு ராஸ்பெர்ரி பை குளோபல் ஷட்டர் கேமரா நல்ல தேர்வு. அதன் ஐ.எம்.எக்ஸ். 296 சென்சாரில் ஒரு பிக்சல் 3.45 மைக்ரான். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போட்டால் பிக்சலுக்கு 0.345 மைக்ரான், 125 மைக்ரான் இழை படத்தில் 362 பிக்சல் அகலம். ஓரத்தை நிரலால் கண்டுபிடித்துச் சராசரி எடுத்தால் பிக்சலில் பத்தில் ஒரு பங்கு வரை போகலாம். ஒரு கேமரா போதாது. 90 டிகிரி தள்ளி இன்னொன்று வேண்டும், அல்லது ஒரு கண்ணாடியை வைத்து மறுபக்கத்தையும் அதே கேமராவுக்குத் திருப்பவேண்டும். ஒரே திசையிலிருந்து பார்த்து நேராக இருக்கிறது என்று நம்பி ஒட்டினால், பார்க்காத திசையில் விலகி நிற்கும். பின்னாலிருந்து நீல எல்.இ.டி. வெளிச்சமும், கேமரா முன் நீல ஃபில்டரும் போடுங்கள். உருகும் சிலிக்காவின் ஒளிர்வில் நீலம் குறைவு என்பதால் படம் வெளுக்காது.

இப்போது லேசர். 3.5 மில்லிமீட்டர் அகலக் கதிரை 100 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள ஜிங்க் செலினைடு லென்ஸ் வழியாக விட்டால், குவியும் புள்ளி சுமார் 386 மைக்ரான் அகலம். அதில் 125 மைக்ரான் இழை மறிப்பது 48 சதவீதம், மீதி கடந்துபோய்விடும். 2000 டிகிரியை ஒட்டிய சூட்டில் அரை மில்லிமீட்டர் நீள இழை வெளிவிடும் வெப்பத்தைத் தோராயமாகக் கூட்டினால் 1 வாட்டைத் தாண்டாது. எனவே கதிரில் 2 வாட்டை ஒட்டி இருந்தாலே வேலை நடக்கும். ரேடியோ அலையால் தூண்டப்படும் 10 வாட் ஆர்.எஃப். லேசர் தாராளம்.

இந்த இடத்தில்தான் மலிவு விலைக் கண்ணாடிக் குழாய் லேசர் ஆசை காட்டும். 40 வாட் குழாயை 2 வாட்டில் ஓட்டப் பார்த்தால், குறைந்த மின்னோட்டத்தில் வாயு வழியே ஓடும் டிஸ்சார்ஜ் நிலைக்காமல் துடிக்கும். பணம் அவ்வளவுதான் என்றால் குழாயை அதன் நடு மின்னோட்டத்தில் ஓட்டி, கதிரைப் பிரிக்கும் பீம் ஸ்ப்ளிட்டரால் பெரும்பகுதியைத் தீச்செங்கல்லுக்கு அனுப்பி, மீதியை மட்டும் இழைக்கு விடுங்கள். அந்தக் குழாயின் மின்னழுத்தம் 15,000 வோல்ட்டுக்கு மேல் போகும். அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். அனுபவமுள்ள மின் பொறியாளர் பக்கத்தில் இல்லாமல் அதைத் திறக்கக்கூடாது.

சக்தி நிலையாக இருப்பது ஏன் உயிர்நாடி என்பதை ஒரு கணக்கில் பாருங்கள். இந்தச் சூட்டில் வெப்பத்தின் பெரும்பங்கு கதிர்வீச்சாகப் போகிறது என்று வைத்தால், சக்தி 4 சதவீதம் ஏறினால் வெப்பநிலை சுமார் 1 சதவீதம் ஏறும். 2000 டிகிரியில் அது இருபத்துச் சொச்சம் டிகிரி. சிலிக்காவின் பாகுநிலையோ அந்த 1 சதவீதத்துக்கே கால் பங்கு இளகிவிடும். 'ஐந்து சதவீதம் ஏறி இறங்கும்' என்று விற்கப்படும் லேசரை அப்படியே பயன்படுத்தினால், காலையில் வந்த நல்ல செட்டிங் மதியம் இழையை இடுப்பு மெலிய உருக்கும். தீர்வு, இழையின் ஒளிர்வையே அளப்பது. பக்கத்தில் ஒரு சிலிக்கான் ஃபோட்டோடயோடு, முன்னால் அண்மை அகச்சிவப்பு ஃபில்டர். 10.6 மைக்ரான் கதிர் சிலிக்கானுக்குத் தெரியாது, நீல எல்.இ.டி.யை ஃபில்டர் தடுக்கும், மிஞ்சுவது இழையின் வெப்ப ஒளி மட்டும். அதைப் பார்த்து லேசரின் பி.டபிள்யூ.எம். அகலத்தை, அதாவது அது எரியும் துடிப்பின் நீளத்தை, திருத்துங்கள். இழையின் சூடு மாற சில பத்து மில்லிசெகண்ட் ஆகும், ஆகவே 5 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு அதற்குச் சீரான வெப்பமாகவே படும். அறை டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு ஃபோட்டோடயோடில் ஏறும், மூடியைக் கறுப்பாக்குங்கள்.

கதிரைக் குறிவைப்பது பற்றி. கதிரின் நீளவாக்கில் லென்ஸ் சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் கவலையில்லை, ஏனெனில் குவியத்தின் ஆழம் முன்னும் பின்னும் 11 மில்லிமீட்டர். இழைக்குக் குறுக்கே 100 மைக்ரான் தவறினாலோ மறிக்கும் பங்கு 48-லிருந்து 30 சதவீதமாக விழும். சிவப்பு வழிகாட்டி லேசரைக் கூட்டிணைத்து ஓரளவு கொண்டுவரலாம், ஆனால் சிவப்பும் 10.6-உம் லென்ஸில் ஒரே மாதிரி வளையாது. கடைசித் திருத்தத்தை இழையிலேயே செய்யவேண்டும்: சக்தியைக் குறைத்து, ஒளிர்வு மிக அதிகமாகும் இடம் வரை லென்ஸைத் திருகுங்கள்.

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சூடாக்கினால் போதுமா என்று கேட்பார்கள். 125 மைக்ரான் இழையில் வெப்பம் குறுக்கே பரவ சில மில்லிசெகண்ட்தான் ஆகும். ஒரு பக்கச் சூடு ஓரளவு தாக்குப்பிடிக்கும். 400 மைக்ரான் இழையில் அதே பரவலுக்குப் பத்து மடங்கு நேரம் வேண்டும், முன்பக்கம் ஆவியாகும்போது பின்பக்கம் இன்னும் இளகியிருக்காது. பருமனான இழை உங்கள் இலக்கு என்றால் கதிரை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் விடுங்கள். நேருக்கு நேர் விடாமல் சில டிகிரி சாய்த்து விடவேண்டும். இல்லையென்றால் ஒரு கதிர் மற்றதன் வழியே திரும்பிப் போய் லேசரையே கலைக்கும்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு, வெளிநாட்டுக் கையேடுகளில் அது இருக்காது. கண்ணாடிக் குழாய்க்கு 18 அல்லது 20 டிகிரித் தண்ணீர் ஓட்டு என்று எழுதியிருப்பார்கள். ஜனவரி மாதம் கரையோரத்தில் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 23, 24 டிகிரிக்கு வரும். 18 டிகிரித் தண்ணீர் ஓடும் குழாயின் மேல் உடனே நீர் முத்துமுத்தாக நிற்கும். அந்தக் குழாயின் ஒரு முனையில் பதினையாயிரம் வோல்ட். தண்ணீரை அறையின் பனிநிலைக்கு 2 டிகிரி மேலே வையுங்கள், சக்தி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. அல்லது ஈரம் உறிஞ்சும் கருவியை ஓடவிட்டு அறையைக் காயவைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஜிங்க் செலினைடு லென்ஸிலும் இதே கதைதான்: ஏர்கண்டிஷன் அறையிலிருந்து வெளியே எடுத்ததும் மூச்சு விட்டதுபோல் பனிக்கும், அந்தப் படலத்தோடு லேசரைப் போட்டால் பூச்சு வெந்துவிடும். ஏர்கண்டிஷன் காற்று இழைமேல் நேரே அடிக்கவும் கூடாது. மூடி திறந்திருந்தால் ஒளிர்வு காற்றோடு ஆடுவதை ஃபோட்டோடயோடே காட்டும்.

பாதுகாப்பில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, விழியின் முன்படலத்தைச் சுட்டுவிடும். தெளிவான பாலிகார்பனேட் தகடே 10.6 மைக்ரானை நிறுத்தும் என்பது நம் நல்லகாலம். 6 மில்லிமீட்டர் தகட்டில் பெட்டி செய்து, மூடிக்கு இரண்டு இண்டர்லாக் சுவிட்ச் தொடராக வையுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது லேசரை அணைக்கும். கண்ணாடி அணிவது கூடுதல் காப்பு. அதன் மேல் 10600 நானோமீட்டருக்கான குறி அச்சிட்டிருக்கவேண்டும். மங்கலாகத் தெரியும் அலுமினியம்கூட இந்த அலைநீளத்துக்கு முகம்பார்க்கும் கண்ணாடி, ஆகவே மோதிரம், கைக்கடிகாரம், பளபளக்கும் திருகாணி எதுவும் பெட்டிக்குள் வேண்டாம். ஆல்கஹாலால் துடைத்தபின் ஈரம் முழுக்கக் காயும்வரை மூடியை மூடாதீர்கள். ஜிங்க் செலினைடு உடைந்தால் அது நச்சு. கையுறை போட்டு ஈரத்துணியால் பொறுக்கித் தனியே மூடி வையுங்கள்.

ஸ்ப்ளைஸ் செய்யும் வரிசை சிறியது. இணைப்பை மூடிக் காக்கும், சூட்டில் சுருங்கும் குழலை முதலில் இழையில் கோத்துவிடுங்கள்; ஒட்டியபின் கோக்க வழியே இல்லை, எல்லோரும் மறப்பது இதைத்தான். நுனிகளை 15 மைக்ரான் இடைவெளிக்குக் கொண்டுவந்து நேர்ப்படுத்துங்கள். கால் செகண்டுக்கும் குறைவாக, குறைந்த சக்தியில் ஒரு துடிப்பு, ஒட்டியிருக்கும் தூசி எரிந்துபோக. பிறகு முழுச் சூடு, அது ஏறும்போதே ஒரு பக்கத்தை 25 மைக்ரான் தள்ளினால் 10 மைக்ரான் ஒன்றுக்குள் ஒன்று அமுங்கும். 2 செகண்ட் பிடித்து, அரை செகண்டில் மெல்ல இறக்குங்கள். இவை ஆரம்ப எண்கள், உங்கள் கருவிக்கு இவற்றைச் சுற்றித் தேடவேண்டும்.

படத்தைப் பார்த்தே பெரும்பாலான நோயைச் சொல்லிவிடலாம். இணைப்பில் மெல்லிய கோடு நின்றால் சூடு போதவில்லை. இடுப்பு மெலிந்தால் சூடு அதிகம் அல்லது தள்ளியது குறைவு. பருத்தால் தள்ளியது அதிகம். இரண்டு நுனியும் உருண்டையாகி ஒட்டாமல் நின்றால் இடைவெளி பெரிது அல்லது தள்ளல் தாமதம். குமிழி வந்தால் கிளீவையும் துடைப்பதையும் சந்தேகப்படுங்கள், சக்தியைத் தொடாதீர்கள். ஒரு பக்க இழை மட்டும் அதிகமாக உருகினால் கதிர் இணைப்பின் நடுவில் விழவில்லை. இணைப்புக்கு இருபுறமும் வெண்மையான புகைப்படிவு தெரிந்தால் கண்ணாடி ஆவியாகித் திரும்பப் படிந்திருக்கிறது. சக்தியைக் குறைத்து நேரத்தை நீட்டுங்கள். ஏற்கெனவே படிந்ததைக் குறைந்த சக்தியில் கதிரை அந்த இடத்துக்கு நகர்த்தி மறுபடி உருக்கிச் சேர்த்துவிடலாம்.

இழப்பை அளக்க இழைக்குள் ஒளித் துடிப்பு அனுப்பித் திரும்புவதை அளக்கும் விலையுயர்ந்த ஓ.டி.டி.ஆர். கட்டாயமில்லை. 1550 நானோமீட்டர் ஒளிமூலத்தை அரை மணி நேரம் ஓடவிட்டு நிலைக்கவைத்து, அறுக்காத சில மீட்டர் இழை வழியாகச் சக்தியைக் குறியுங்கள். நடுவில் வெட்டி, ஒட்டி, மறுபடி அளந்தால் வித்தியாசமே ஸ்ப்ளைஸ் இழப்பு. இரண்டு முனை கனெக்டரையும் இடையில் கழற்றவே கூடாது. ஒரு கனெக்டரைக் கழற்றி மாட்டினாலே ஸ்ப்ளைஸைவிடப் பெரிய மாற்றம் வரும். ஓ.டி.டி.ஆர். கிடைத்தால் இரு திசையிலும் அளந்து சராசரி எடுங்கள். வேறு வேறு வகை இழைகளை ஒட்டியிருந்தால் ஒரு திசையில் இழப்புக்குப் பதிலாக லாபம்கூடக் காட்டும், அது பொய்.

வலிமைக்கு இழுத்துப் பாருங்கள். இழை தயாரிப்பாளர்கள் 0.69 கிகாபாஸ்கலில் சோதிக்கிறார்கள். 125 மைக்ரான் இழைக்கு அது சுமார் 8.5 நியூட்டன். ஸ்ப்ளைஸ் அவ்வளவு தாங்காது. 2 நியூட்டன், அதாவது 200 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டால் தாங்கவேண்டும். அறுந்தால் அறுந்த இடத்தைக் கேமராவில் பாருங்கள். இணைப்பிலேயே அறுந்தால் சூட்டின் குறை. சில மில்லிமீட்டர் தள்ளி அறுந்தால் ஸ்ட்ரிப்பர் போட்ட கீறல். உரித்த கண்ணாடியின் கீறலை ஈரக்காற்று நாளுக்கு நாள் ஆழமாக்கும் என்பதால், ஒட்டியவுடன் குழலைச் சுருக்கி மூடிவிடுங்கள். நாளைக்கு அளக்கலாம் என்று திறந்தபடி விட்ட ஸ்ப்ளைஸின் எண்ணை அறிக்கையில் சேர்க்கவேண்டாம்.

குறைந்தது 20 ஸ்ப்ளைஸாவது ஒரே செட்டிங்கில் செய்து, சராசரியையும் சிதறலையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நுனியின் கிளீவ் கோணம், ஃபோட்டோடயோடு அளவு, அறை வெப்பநிலை, ஈரப்பதம், இழப்பு, அறுந்த விசை இருக்கட்டும். கிளீவ் கோணத்துக்கு எதிராக இழப்பை வரைந்து பார்த்துவிட்டுத்தான் லேசர் செட்டிங்கைத் தொடவேண்டும்.